பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கிற மாதிரி பாதை வேணும்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறைக்கும், தமிழ்நாடு வன அனுபவக் கழகத்துக்கும், கூடவே சுற்றுலாத்துறைக்கும் வணக்கம்.

நான் மேடவாக்கத்துல இருக்கேன். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, பெரியவ ஏழாங்கிளாஸ், சின்னவன் யுகேஜி, கூட என் மாமியார், அவங்களுக்கு முட்டி வலி உண்டு ஆனா நடக்கப் பிடிக்கும். சுத்தி வளைக்காம கேட்க வந்ததைக் கேட்டுடறேன். ஒரு குடும்பம் காலைல டிபன் கட்டிக்கிட்டு கிளம்பி, காட்டுக்குள்ளயோ ஏரிக்கரையிலயோ கடலோரமாவோ ரெண்டு மூணு மணி நேரம் நிதானமா நடந்துட்டு, வெயில் ஏறறதுக்குள்ள வெளிய வந்துடற மாதிரி ஈஸியான நடைபாதைங்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் வேணும். உச்சி ஏறணும்னு ஆசையில்ல, டென்ட் போட்டுத் தங்கணும்னும் இல்ல. ஆறு வயசுப் பையனும் அறுபத்தஞ்சு வயசுப் பாட்டியும் ஒண்ணா போயிட்டு ஒண்ணா திரும்பி வரணும், அவ்ளோதான்.

நீங்க ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல இந்த மடல் இல்ல. 2024 அக்டோபர்ல டிரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 14 மாவட்டத்துல 40 மலையேற்ற ரூட்டைத் திறந்தீங்க, ஈஸி, மீடியம், கஷ்டம்னு பிரிச்சீங்க, ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி வெச்சீங்க, முக்கியமா அந்தந்த மலையில பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்களுக்கு டிரெய்னிங் கொடுத்து கைடா வெச்சீங்க. இதை மனசார பாராட்டறேன். அதுக்கு முன்னாடி மலை ஏறணும்னா யார்கிட்ட கேட்கறது, எந்த ஆபீஸ்ல லெட்டர் கொடுக்கறதுன்னே சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க மூலமா போறது, இல்லன்னா பெர்மிஷன் இல்லாமயே போறதுன்னுதான் நடந்துட்டு இருந்துச்சு.

2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறக்கல. மலை ஏறப் போன 20 பேருக்கு மேல காட்டுத்தீயில போயிட்டாங்க, நிறைய பேர் சின்ன வயசுக்காரங்க. அதுக்கப்புறம் வந்த கட்டுப்பாடுங்க ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு, அதைத் தளர்த்துங்கன்னு நான் கேட்கவே மாட்டேன். முதுமலை, சத்தியமங்கலம் மாதிரி யானை நடமாடற இடத்துல பிள்ளைகளோட இஷ்டத்துக்குப் போறதும் கூடாதுதான். ஆனா செங்குத்தான புல்வெளி மலைக்கும், சமதரையில இருக்கிற ஒரு ஏரிக்கரைக்கும் ஒரே கெடுபிடி இருக்கும்போதுதான் குடும்பங்க ஒதுங்கிப் போயிடறாங்க. முன்கூட்டியே புக் பண்ணி, தலைக்கு இவ்வளவுன்னு கட்டி, அஞ்சு பேருக்குக் கணக்குப் போட்டா சில ஆயிரம் வருது, அதுக்கு மேல வண்டிச் செலவு, கடைசி நேரத்துல சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா மொத்தமும் போச்சு. அப்புறம் என்ன பண்றோம், லீவு விட்டா மாலுக்குப் போறோம். பிள்ளைங்க காட்டைப் பார்க்கறது போன்லதான்.

முதல்ல "ஈஸி"ன்னா என்னன்னு பேசணும். இப்ப எங்க பார்த்தாலும் கிலோமீட்டரை வெச்சுத்தான் சொல்றாங்க. ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருந்தா கேக்கறவங்க சரி நடந்துடலாம்னு கிளம்பிடறாங்க. ஆனா கொல்லிமலை ஆகாய கங்கையை எடுத்துக்கோங்க, தூரம்னு பார்த்தா அதிகமே இல்ல, படி மட்டும் ஆயிரத்துக்கு மேல. போகும்போது இறக்கம், பிள்ளைங்க குதிச்சுக்கிட்டு ஓடும், அருவியில நனைஞ்சு ஆட்டம் போட்டுட்டு பசியோட திரும்பும்போதுதான் அத்தனை படியும் ஏத்தமா நிக்கும். பாதிப் படியில உக்காந்துட்டு மூச்சு வாங்கற பெரியவங்களை அங்க எப்பப் போனாலும் பார்க்கலாம், ஈரத் துணியோட அழுற குழந்தையை இடுப்புல தூக்கிட்டு ஏறற அம்மாக்களையும் பார்க்கலாம். அது அருமையான இடம், நான் போகவேணாம்னு சொல்லல. கிளம்பற இடத்துலயே ஒரு போர்டு வெச்சு எத்தனை படி, திரும்பி ஏற சாதாரணமா எவ்ளோ நேரம், நடுவுல எங்க உக்காரலாம், எந்த இடத்தோட பெரியவங்க நின்னுக்கிட்டா நல்லதுன்னு நாலு வரி எழுதினா வீட்டுல யார் இறங்கறது யார் மேலயே இருக்கறதுன்னு அங்கயே முடிவு பண்ணிடலாம்ல.

நிழலும் அப்படித்தான். நம்ம ஊர்ல காலைல ஒன்பது மணிக்கு மேல நிழல் இல்லாத ஒரு கிலோமீட்டர், நிழல் இருக்கிற மூணு கிலோமீட்டரை விட கஷ்டம். அதை எந்த வெப்சைட்லயும் போட மாட்டேங்கறாங்க. பாதையில மரம் இருக்கா, வெட்டவெளியா, தண்ணி எங்க கிடைக்கும், பாதை மண்ணா பாறையா, மழை பெஞ்சா வழுக்குமா, நடுவுல திரும்பணும்னா குறுக்கு வழி உண்டா, ஆட்டோ எது வரைக்கும் வரும், இதைத்தான் பிள்ளைங்களை வெச்சிருக்கிறவங்க முதல்ல கேட்போம்.

அடுத்தது டாய்லெட். இதைச் சொல்ல நிறைய பேர் கூச்சப்படறாங்க, நான் வெளிப்படையாவே சொல்றேன், பொம்பளைங்க காட்டுப் பக்கம் வராததுக்கு பாதிக் காரணம் இதுதான். காலைல கிளம்பும்போதே என் மாமியார் தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவாங்க, வழியில போறதுக்கு இடம் இருக்காதுன்னு. வெயில்ல தண்ணி குடிக்காம நடந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரு இடத்துல (பேர் வேணாம்) புதுசா டைல்ஸ் போட்டு, ஆண்கள் பெண்கள்னு படம் வரைஞ்சு அழகா டாய்லெட் கட்டி வெச்சிருந்தாங்க, பூட்டு தொங்குச்சு. டிக்கெட் கொடுக்கிற அம்மாகிட்ட கேட்டா சாவி சார்கிட்ட இருக்கு, சார் பதினொரு மணிக்குத்தான் வருவார்னாங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல, அவங்களே பக்கத்து வீட்டுக்குத்தான் போயிட்டு வராங்களாம். பீரியட்ஸ் ஆரம்பிச்சிருக்கிற பொண்ணைக் கூட்டிட்டுப் போற அம்மாவுக்கு அந்தப் பூட்டைப் பார்த்தா எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. புதுசா கட்டடம் கேட்கல. இருக்கிறதைத் திறந்து வைங்க, காலைல ஆறு மணிலேர்ந்து, பைப்ல தண்ணி, உள்ள தாழ்ப்பாள், ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி. அதைப் பார்த்துக்க அந்த ஊர்லயே ரெண்டு பேருக்கு ஒழுங்கான சம்பளத்தோட வேலை கொடுங்க. இதுக்காகத் தனியா டிக்கெட்ல பத்து இருபது ரூபா ஏத்தினாலும் எந்த அம்மாவும் கேள்வி கேட்க மாட்டா.

சரி, நல்லா நடக்கிற இடத்தையும் சொல்லணும். வேடந்தாங்கல். ஏரிக்கரை மேலயே நடந்து போகலாம், ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் தண்ணி, நடுவுல கோபுரம் ஏறிப் பார்க்கலாம், எந்த வயசுக்காரங்களும் மூச்சு வாங்காம போயிட்டு வர்ற தூரம். நீர்க்கடம்பு மரம் பூரா கூடு, கூழைக்கடா ஒரு பக்கம், நத்தை குத்தி நாரை ஒரு பக்கம், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு போகும்போது என் பையன் பாம்பு பாம்புன்னு கத்தி, பக்கத்துல நின்ன யாரோ ஒரு பெரியவர் அவனைத் தூக்கி பைனாகுலர்ல காமிச்சு அது பறவைடா கண்ணு, மீன் பிடிக்குதுன்னு சொல்லிக் கொடுத்தார். இந்த மாதிரி ஒரு நிமிஷம் எந்தப் பாடப்புத்தகத்துலயும் கிடைக்காது. அந்த ஏரியை அந்த ஊர் ஜனங்கதான் காப்பாத்தினாங்க, பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும், 1798லயே அன்னிக்கு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ்கிட்ட சொல்லி அதுக்கு எழுத்துல பாதுகாப்பு வாங்கிட்டாங்க. சிவகங்கை பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில பறவைங்களுக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்க மாட்டாங்க. திருநெல்வேலி கூந்தன்குளத்துல வீட்டு வாசல் மரத்துலயே நாரை கூடு கட்டும். குடும்பமா நடக்கிறதுக்கு இதை விட பாதுகாப்பான, அர்த்தமுள்ள இடம் எங்க இருக்கு? தமிழ்நாட்டுல இப்ப 20 ராம்சர் சதுப்புநிலம் (உலக அளவுல முக்கியம்னு அங்கீகாரம் வாங்கின நீர்நிலைங்க) இருக்கு, இந்தியாவுலயே அதிகம் நம்மகிட்டதான். அதுல எத்தனை இடத்துக்கு ஒரு சாதாரண குடும்பம் பஸ்ல போய் இறங்கி, ஒரு மேப்பைப் பார்த்து, பயமில்லாம ஒரு ரவுண்டு நடந்துட்டு வர முடியும்னு நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

இங்கதான் என்னோட முக்கியமான கோரிக்கை. மலைக்குக் கொடுத்த கவனத்தை ஏரிக்கும் கடலுக்கும் கொடுங்க. காட்டுத்தீ சீசன்னு 2025ல பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் மலை ரூட்டை எல்லாம் மூடினீங்க, அது ரொம்ப சரி. ஆனா அந்த ரெண்டு மாசமும் நடக்க ஆசைப்படற ஜனங்களுக்கு வேற வழி எதுவும் காமிக்கல. சதுப்புநிலத்துலயும் அலையாத்திக் காட்டுலயும் கடற்கரையிலயும் மலைச்சரிவு மாதிரி தீ பரவுமா? பிப்ரவரி, மார்ச்ல வலசை வந்த பறவைங்க இன்னும் ஊர் திரும்பாம இருக்கும், காலை வெயிலும் தாங்கற மாதிரி இருக்கும். மலை மூடற அன்னிக்கே, "இந்த ரெண்டு மாசம் கடலோரமும் ஏரிக்கரையும் திறந்திருக்கு, வாங்க"ன்னு ஒரு பட்டியல் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

கோடியக்கரையை வெச்சு சொல்றேன், ஏன்னா காடு, ஏரி மாதிரி தண்ணி தேங்கற சதுப்பு, கடல் மூணும் ஒரே இடத்துல, அதுவும் மேடே இல்லாத சமதரையில, இந்த மாநிலத்துல எனக்குத் தெரிஞ்சு இது மாதிரி இன்னொண்ணு இல்ல. அங்க உசரமான இடம்னு சொன்னா ராமர் பாதம் இருக்கிற அந்த மணல் மேடுதான், அதையும் பாட்டிங்க சிரிச்சுக்கிட்டே ஏறிடுவாங்க. 1967லேர்ந்து சரணாலயம், 2002ல தமிழ்நாட்டோட முதல் ராம்சர் இடம். காலைல வெளிமான் கூட்டம் புல்வெளியில நிக்கும், கறுப்பு ஆண் மான் கொம்பு ரெண்டும் திருகித் திருகிப் போயிருக்கும், திடீர்னு ஒண்ணு துள்ளினா மொத்தக் கூட்டமும் துள்ளும். காட்டுல திரியற குதிரைங்க வேற, பிள்ளைங்க வாயைப் பிளந்துட்டுப் பார்க்கும். பாலை மரத்து நிழல் நல்ல நிழல். சீசன்ல பூநாரை தண்ணிக்கு அந்தப் பக்கம் நீளமா ரோஸ் கலர்ல தெரியும். கொசு உள்ளான்னு ஒரு பறவை, உள்ளங்கையில அடங்கற சைஸ், ஆர்க்டிக் பக்கத்துலேர்ந்து பறந்து இங்க வருது. அதோட கால்ல வளையம் மாட்டி எங்கேர்ந்து வருதுன்னு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷமா இங்க ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க, அந்தக் கதையை பிள்ளைங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் அங்க நின்னா போதும், அடுத்த ஒரு மாசத்துக்கு வீட்டுல அதே பேச்சுதான். 2004 சுனாமியில இடிஞ்சு போன பழைய சோழர் கலங்கரை விளக்கம், 2018 கஜா புயல்ல சாய்ஞ்ச காடு மறுபடி எப்படித் துளிர்க்குதுங்கறது, வர்ற வழியில வேதாரண்யத்துல 1930 உப்பு சத்தியாகிரகத்தோட நினைவுத்தூண், சுத்தி இன்னிக்கும் உப்பளம். இத்தனையும் ஒரே நாள்ல, பெரிய ஏத்த இறக்கம் இல்லாம.

ஆனா இன்னிக்கு ஒரு குடும்பம் அங்க போனா எங்கேர்ந்து நடக்க ஆரம்பிக்கறது, எது வரைக்கும் அலவ்டு, எத்தனை மணிக்கு வெளிய வரணும், யாரைக் கேட்கறதுன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதனால வர்றவங்க பெரும்பாலும் கார்லயே ஒரு சுத்து சுத்திட்டு கிளம்பிடறாங்க. நான் கேட்கறது, அங்க ஒரு மூணு கிலோமீட்டர் மண் பாதையைக் குறிச்சு கொடுங்க, வளைஞ்சு வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடியற மாதிரி. ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் ஒரு மரத் திண்ணை. வேதாரண்யத்துலேர்ந்து வர்ற பஸ் நேரத்தை கேட்லயும் வெப்சைட்லயும் போடுங்க. வெளிமான் குட்டி போடற நேரத்துலயும் கடும் வெயில்லயும் பாதையை மூடுங்க, அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒரு நேரத்துல இத்தனை பேர்தான்னு கணக்கு வைங்க. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வெச்சே சமாளிக்கிறோம், இதுக்கு முடியாதா.

இதே மாதிரி பிச்சாவரத்துல படகுல போயிட்டு திரும்பறதோட நிறுத்தாம கரையோரமா கொஞ்ச தூரம் நடக்கவும், அந்தத் தில்லை மரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் வழி இருந்தா (அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதைப் பெருசா எழுதி வைங்க) சிதம்பரத்துக்கு வர்ற எத்தனை குடும்பம் வரும். பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கல்லறையிலேர்ந்து ஏரி வரைக்கும் ஒரு காலை நடை. கொடைக்கானல் ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் இருக்கு, 1863ல வெட்டினது, வழியெல்லாம் அருமையான மரம், ஆனா சீசன்ல கார், குதிரை, சைக்கிள், தள்ளுவண்டின்னு எல்லாத்துக்கும் நடுவுல குழந்தை கையை விடாம இழுத்துட்டுப் போறதே வேலையா இருக்கு. வாரத்துல ஒரு நாள் காலைல ஒன்பது மணி வரைக்கும் அந்த ரோட்டுல வண்டியை நிறுத்திப் பாருங்களேன், கடைக்காரங்களும் சந்தோஷப்படுவாங்க, நடந்து வர்றவங்கதான் நின்னு நிதானமா சாப்பிடறவங்க.

எங்க ஊரையும் விட்டுடக்கூடாது. மேடவாக்கம் பக்கத்துலயே நன்மங்கலம் காப்புக்காடு, பழைய கல்குவாரிப் பாறை இடுக்குல கொம்பன் ஆந்தை வாழற இடம். அந்தப் பக்கம் பஸ்ல தினமும் போற பாதிப் பேருக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அங்க கூட்டத்தைத் திறந்து விடுங்கன்னு சொல்ல மாட்டேன், ஆந்தைக்கு அது ஆகாது. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, காலைல ஒரு இருபது பேர், ஒரு வனக்காவலர் கூட, குவாரிக்குக் கிட்டப் போகாத பாதையில. பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஃப்ரீ. இவ்ளோ பெரிய சிட்டிக்குள்ள இப்படி ஒரு காடு இருக்குன்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சாத்தான் நாளைக்கு அங்க குப்பை கொட்ட வர்ற லாரியைப் பார்த்து போன் பண்ணுவாங்க.

கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னு சொல்லாதீங்க. சென்னையில மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988லேர்ந்து ராத்திரி கடற்கரையில பொதுமக்களைக் கூட்டிட்டு நடக்கறாங்க, பங்குனி ஆமை முட்டையைப் பத்திரப்படுத்தி குஞ்சை கடல்ல விடறாங்க. எல்லாம் வாலன்டியர்ஸ். ஒரு டார்ச், நல்லா பேசத் தெரிஞ்ச ஒரு ஆள், அமைதியா இருங்கன்னு சொன்னா கேட்கிற ஒரு கூட்டம், இதுக்கு மேல என்ன வேணும். ஒவ்வொரு ஊர்லயும் மீனவப் பெண்கள், இருளர் குடும்பங்க, ரிட்டயர்டு சயின்ஸ் டீச்சர்ஸ் இருக்காங்க. மலையில பழங்குடிப் பசங்களுக்குக் கொடுத்த டிரெய்னிங்கை இவங்களுக்கும் கொடுங்க, டிக்கெட் காசுல அவங்களுக்கு நேரா பங்கு போகட்டும்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. குடும்பம் வருதுன்னு சொன்ன உடனே கண்ணாடிப் பாலம், செல்ஃபி பாயின்ட், சிமென்ட் டைனோசர், ஸ்பீக்கர்ல பாட்டு, பாதை பூரா பேவர் பிளாக்னு யாராவது எஸ்டிமேட் போட்டுக் கொண்டு வருவாங்க. வேணாம். மண்ணு மண்ணாவே இருக்கட்டும், கல்லும் முள்ளும் மட்டும் ஒதுக்கி, வழுக்கற இடத்துல ஒரு கைப்பிடி போதும். வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச தூரத்துக்காவது மரப்பாதை வேணும், அது கண்டிப்பா வேணும். மெரினாவுல 2022 நவம்பர்ல சென்னை மாநகராட்சி போட்ட மரப்பாதையில வாழ்க்கையில முதல் தடவையா அலைக்குக் கிட்டப் போனவங்க எத்தனை பேர், அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, அப்படியே விட்டுடாம சரி பண்ணிக் கொடுத்தாங்க. அதையே ஒரு ஏரிக்கரையில போட முடியும்.

தண்ணி பாட்டில் விஷயத்துல நாங்களும் மாறணும். 2019லேர்ந்து ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, ஆனா பாட்டிலை வாங்கி வெச்சுட்டு உள்ள குடிக்கத் தண்ணி இல்லன்னா பிள்ளைங்க என்ன பண்ணும். நீலகிரியில வெச்ச மாதிரி தண்ணி ஏடிஎம் ஒவ்வொரு கேட்லயும் வைங்க, எவர்சில்வர் பாட்டில்ல பிடிச்சுக்கறோம். குரங்குக்கு சிப்ஸ் போடற அப்பாக்களைப் பார்த்தா ஃபைன் போடுங்க, கூட வந்த பிள்ளைங்க முன்னாடியே போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

எல்லாத்தையும் ஒரே வருஷத்துல செய்ய முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆள் பத்தாது, ஃபண்ட் வரணும், ஃபைல் நகரணும். அதனால முதல்ல ஒண்ணே ஒண்ணு. வர்ற அரையாண்டு லீவுக்குள்ள கோடியக்கரையில அந்த மூணு கிலோமீட்டரை, இல்லன்னா உங்களுக்குச் சுலபமா இருக்கிற வேற ஏதாவது ஒரு ஏரிக்கரையை, குடும்ப நடைபாதைன்னு அறிவிச்சு சோதனைக்குத் திறங்க. போர்டுல என்னென்ன எழுதணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு அம்மாக்களையும் ஒரு பாட்டியையும் வீல்சேர்ல இருக்கிற ஒருத்தரையும் கூட்டிட்டுப் போய் அந்தப் பாதையில நடக்க விட்டுக் கேளுங்க. எங்க அப்பார்ட்மென்ட்லயே வர ஆளிருக்கு, பஸ் செலவு எங்களுது. என் மாமியார் இப்பவே எந்த செருப்பு போட்டுக்கலாம்னு கேட்டுட்டு இருக்காங்க. தேதி மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
மேடவாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா